பக்கத்து நாற்காலி: மனநல உள்நோயாளிப் பிரிவில் பயிற்சி மருத்துவர்களுக்குக் கற்பிக்கும் முறை

மனநல மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பயிலும் ஒருவர் பெரியவர்களுக்கான உள்நோயாளிப் பிரிவில் முதன்முதலாகப் பணியேற்கும்போது, நோய்களின் பெயர்களும் மருந்துகளின் அளவுகளும் அவருக்கு ஓரளவு தெரிந்தே இருக்கும். தெரியாமல் இருப்பது வேறு. தனக்கு நோயே இல்லை என்று உறுதியாக நம்பும் ஒருவரின் எதிரே அமர்ந்து, அவருடைய விருப்பத்துக்கு மாறாக அவரை உள்ளே வைத்திருக்கும் வார்டின் மருத்துவராகவும் இருந்துகொண்டு, அவருடைய நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்பதை எந்தப் பாடப்புத்தகமும் கற்றுத் தந்திருக்காது. அதைக் கற்றுத் தரவேண்டியவர் வார்டின் மூத்த மருத்துவர். அப்படிப்பட்டவர்களுக்காகவும், விரைவில் அந்த இடத்துக்கு வரப்போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சை பயில்பவரின் கையைப் பார்க்காமல் எந்த ஆசிரியரும் அவரிடம் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. நமக்குப் பேச்சுதான் கருவி. ஆனால் பயிற்சி மருத்துவர் நோயாளியிடம் பேசுவதை நம்மில் பலர் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. அவர் தனியாகப் பேசிவிட்டு வந்து சொல்லும் விவரத்தைக் கேட்டுத்தான் அவருடைய திறமையை எடைபோடுகிறோம். மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் மருத்துவத் திறனை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார்: அறிந்திருத்தல், செய்யும் முறையை அறிந்திருத்தல், செய்துகாட்டுதல், அன்றாடப் பணியில் செய்தல். விவரத்தைக் கேட்டு மட்டும் மதிப்பிடும் ஆசிரியர் கீழ் இரண்டு படிகளோடு நின்றுவிடுகிறார். ஆகவே இனி நான் சொல்லப்போவதெல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறது: நோயாளி இருக்கும் அறையிலேயே, பயிற்சி மருத்துவரின் பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருக்கவேண்டும்.

வார்டுக்குள் நுழையும் முன்

முதல் நாள் காலையில் நோயாளிகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடாதீர்கள். பயிற்சி மருத்துவரை அழைத்துக்கொண்டு வார்டைச் சுற்றி நடந்து வாருங்கள். அபாய மணி எங்கே இருக்கிறது, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், அவசர மருந்து வண்டி எந்த மூலையில் நிற்கிறது, நேர்காணல் அறையில் எந்த நாற்காலியில் அமர்ந்தால் இருவருக்கும் கதவு எட்டும் என்பதையெல்லாம் கையால் தொட்டுக் காட்டுங்கள். நோயாளிக்கும் கதவுக்கும் நடுவில் மருத்துவர் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நோயாளி சிறைப்பட்டதாக உணர்வார். நோயாளி அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மருத்துவர் பயப்படுவார். பயப்படுகிற மருத்துவரால் காது கொடுத்துக் கேட்க முடியாது. ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கலவரமான நோயாளியிடம் போகக்கூடாது, பழைய குறிப்புகளைப் படிக்காமல் புது நோயாளியைத் தனியறையில் பார்க்கக்கூடாது என்பவை சிறிய விதிகள்தான்; ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாததால் மீறப்படுகிற விதிகள்.

அதே நாளில் இன்னொன்றையும் எழுத்தில் கொடுங்கள்: எந்தெந்தச் சூழ்நிலையில் நள்ளிரவானாலும் உங்களை எழுப்பியே ஆகவேண்டும் என்பதை. "தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது போதாது. எது தேவை என்று தெரியாததால்தான் அவர் பயிற்சியில் இருக்கிறார். நோயாளியைக் கட்டுப்படுத்திப் பிடிக்க நேர்ந்தால், விருப்பத்துக்கு மாறாக ஊசி போட நேர்ந்தால், யாரேனும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால், மனநோய் மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சலும் உடல் விறைப்பும் சேர்ந்து வந்தால், ஒருவர் உண்ணவும் குடிக்கவும் மறுத்தால், தற்கொலை எண்ணத்தோடு சேர்ந்தவர் திடீரென வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டால் உங்களை அழைக்கவேண்டும் என்று பட்டியலிட்டுச் சொல்லுங்கள். அழைத்தபோது உங்கள் குரலில் சலிப்பு தெரியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சலிப்பைக் கேட்டவர் அடுத்தமுறை விடியும்வரை காத்திருப்பார்.

அறைக்குள்

முதல் இரண்டு நேர்காணல்களை நீங்களே நடத்துங்கள். ஆனால் பயிற்சி மருத்துவரைச் சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொல்லாதீர்கள். ஒரு வேலையைக் கொடுங்கள். நோயாளி பேசும் முதல் மூன்று நிமிடங்களை ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதச் சொல்லலாம். எந்தக் கேள்விக்குப் பிறகு நோயாளியின் முகம் மாறியது என்பதைக் குறித்துவைக்கச் சொல்லலாம். மூன்றாவது நேர்காணலிலிருந்து இடம் மாறுங்கள். பயிற்சி மருத்துவர் பேசட்டும். நீங்கள் அவருக்குப் பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி, நோயாளியின் முகம் தெரியுமாறு அமருங்கள். நீங்கள் யார், ஏன் பேசாமல் இருக்கப்போகிறீர்கள் என்பதை நோயாளியிடம் தொடக்கத்திலேயே சொல்லி அனுமதி பெறுங்கள். அதன்பின் ஆபத்து வந்தாலொழிய வாய் திறக்காதீர்கள். மூத்த மருத்துவர்களுக்கு மிகவும் கடினமான பகுதி இதுதான். பயிற்சி மருத்துவர் தடுமாறும்போது பாய்ந்து காப்பாற்றத் தோன்றும். அந்தத் தடுமாற்றத்திலிருந்து அவர் எப்படி மீள்கிறார் என்பதைப் பார்ப்பதற்காகத்தான் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். முழு நேர்காணலுக்கும் நேரம் இல்லையென்றால் பதினைந்து நிமிடம் பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள்.

இப்படி அமர்ந்திருந்த ஒரு காலையில் நான் கண்டதைச் சொல்கிறேன். பயிற்சி மருத்துவர் நல்ல உழைப்பாளி. கேள்விகளை வரிசை தவறாமல் கேட்டார். "யாரும் இல்லாதபோது குரல் ஏதாவது கேட்கிறதா?" என்றார். நோயாளி ஒரு கணம் தாமதித்து, "இல்லை" என்றார். காகிதத்தில் "மாயக்குரல் இல்லை" என்று பதிவாகிவிட்டது. ஆனால் அந்த நோயாளி ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லும் முன், ஜன்னலின் மேல்மூலையை நோக்கித் தலையை லேசாகச் சாய்த்து, உதடு அசையாமல் எதையோ கேட்டுவிட்டுத்தான் திரும்பினார். குரல் பற்றிய கேள்விக்கு மட்டும் அந்தச் சாய்வு நீண்டு நின்றது. எழுதிக்கொண்டிருந்தவரின் கண்கள் காகிதத்தில் இருந்தன. அறைக்கு வெளியே வந்து அவர் எனக்கு விவரம் சொல்லியிருந்தால், அது குறையற்ற விவரமாகவே இருந்திருக்கும்; நானும் தலையசைத்திருப்பேன். மறுநாள் அதே நோயாளியிடம் பேனாவை மூடிவைத்துவிட்டுப் பேசச் சொன்னேன். தலை சாய்ந்தபோது பயிற்சி மருத்துவர் சற்றுப் பொறுத்து, "இப்போது ஏதோ கவனித்தீர்கள் போலிருக்கிறதே, அதை என்னிடம் சொல்லலாமா?" என்று கேட்டார். பதில் வந்தது: "சொல்லக்கூடாது என்கிறார்கள்."

நேர்காணல் முடிந்ததும் உடனே, அன்றைக்கே, தனியிடத்தில் பேசுங்கள். முதலில் அவரைப் பேசவிடுங்கள்: எந்த இடத்தில் வழி தெரியாமல் நின்றீர்கள், எந்த இடத்தில் அவர் உங்களிடம் மனம் திறந்தார் என்று கேளுங்கள். பிறகு நீங்கள் கண்டதில் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். பத்துக் குறைகளைச் சொன்னால் எதையும் திருத்த முடியாது. ஒன்றைச் சொன்னால் அடுத்த வாரத்துக்குள் திருந்திவிடும்; திருந்தியதா என்று நீங்களும் மறவாமல் பார்க்கலாம்.

நோயாளியின் விவரத்தைப் பயிற்சி மருத்துவர் உங்களிடம் எடுத்துரைக்கும் நேரத்துக்கு, 1992இல் நெஹர் என்பவரும் அவருடைய சக ஆசிரியர்களும் எழுதிய ஐந்து சிறு உத்திகள் மிகவும் பயன்படுகின்றன. உங்கள் முடிவு என்ன என்று முதலில் கேட்டு அவரை ஒரு நிலைப்பாட்டுக்கு வரவைப்பது, அதற்கு ஆதாரம் என்ன என்று துருவுவது, பொதுவான ஒரு விதியைக் கற்பிப்பது, சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்வது, தவறைத் திருத்துவது ஆகியவையே அவை. இவற்றுள் மனநல வார்டில் அதிகம் தவறிப்போவது முதலாவது. "என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்ட மறுநொடியே நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம். அவர் பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

பெயர் சூட்டும் முன் வர்ணனை

மனநிலைப் பரிசோதனையை எழுதுவதில் நான் ஒரு விதியைப் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கிறேன்: ஒவ்வொரு பரிசோதனைக் குறிப்பிலும் நோயாளி பேசிய இரண்டு வாக்கியங்களாவது அவருடைய சொற்களிலேயே இருக்கவேண்டும். "தொடர்பற்ற பேச்சு" என்று எழுதினால் அதைப் படிக்கும் இரவுப் பணி மருத்துவருக்கு எதுவும் தெரியாது; அந்தப் பேச்சையே இரண்டு வரி எழுதினால் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் ஒப்பிடலாம். நோயாளி தன் வேதனைக்கு வைத்திருக்கும் சொல்லை நம் கலைச்சொல்லாக மாற்றாமல் அப்படியே வாங்கிக்கொள்ளவேண்டும். "மனசு செத்துப்போச்சு" என்பதும் "மனசு படபடக்குது" என்பதும் வேறுவேறு நிலைகள். இரண்டையும் "மனச்சோர்வு" என்று எழுதிவிட்டால் இரண்டும் தொலைந்துபோகும்.

"ஒத்துழைக்கவில்லை", "நாடகமாடுகிறார்", "கவனத்தை ஈர்க்கச் செய்கிறார்" ஆகிய சொற்களுக்கு என் வார்டின் கேஸ் ஷீட்டில் இடமில்லை. அவற்றை யாரேனும் எழுதினால், அழித்துவிட்டு, நோயாளி என்ன செய்தார் என்பதை எழுதச் சொல்வேன். "முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், மூன்று கேள்விகளுக்குப் பதில் இல்லை, பெயர் சொல்லி அழைத்தபோது கண் திறந்தார்" என்று எழுதும்போதே, இது பிடிவாதம்தானா, அல்லது கேட்டடோனியாவா (பேச்சும் அசைவும் உறைந்துபோகும் நிலையா), அல்லது உணர்வுநிலையே மங்குகிறதா என்ற கேள்வி எழுதுபவரின் மனத்தில் தானாக எழும்.

உடலை மறக்கும் பழக்கம்

மனநல வார்டில் நேரும் மோசமான தவறுகளில் பல, உடல்நோயை மனநோய் என்று எடுத்துக்கொள்வதால் நேர்கின்றன. இதைப் பாடமாக நடத்திப் பயனில்லை; பழக்கமாக்கவேண்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பயிற்சி மருத்துவர் தாமே பார்த்துவிட்டுத்தான் மனநிலைப் பரிசோதனையைத் தொடங்கவேண்டும். கவனத்திறனைச் சோதிக்காமல் எந்தப் பரிசோதனையும் முடிந்ததாகக் கருதக்கூடாது. மாதங்களின் பெயர்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். நடுவயதைக் கடந்தவருக்கு முதன்முறையாக மனப்பிறழ்வு தோன்றினால், கேட்பதைவிடக் காண்பதாகச் சொல்லும் மாயத்தோற்றங்கள் அதிகமாக இருந்தால், காலையில் தெளிவும் மாலையில் குழப்பமுமாக நிலை ஏறி இறங்கினால், டெலிரியத்தை, அதாவது உடல்நோயால் திடீரென வரும் குழப்பநிலையை, ஒதுக்கித் தள்ளும் ஆதாரம் கையில் வரும்வரை அதை டெலிரியம் என்றே கொள்ளவேண்டும்.

மது அருந்தும் பழக்கத்தை எல்லோரிடமும், குடும்பத்தாரிடமும் தனித்தனியே கேட்கவேண்டும். மதுவை நிறுத்தியபின் வரும் வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள்ளும், டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற, நடுக்கத்தோடு கூடிய கடுமையான குழப்பநிலை 48 முதல் 96 மணி நேரத்துக்குள்ளும் வரும் என்பதால், அனுமதியின்போது அமைதியாக இருந்தவர் மூன்றாம் நாள் பூச்சிகளைத் தட்டிவிடுவதைக் கண்டு புதிய மனநோய் என்று முடிவுகட்டும் ஆபத்து இருக்கிறது. தயமின் (வைட்டமின் பி1) கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கக்கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடவேண்டும். ஆனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருந்தால் குளுக்கோஸைத் தள்ளிப்போடாமல் இரண்டையும் சேர்த்தே கொடுக்கவேண்டும்.

கேட்டடோனியாவை ஜெர்மன் மனநல மருத்துவர் கால்பாம் 1874இலேயே விவரித்துவிட்டார். ஆனாலும் அது இன்றும் கண்ணெதிரே தவறிப்போகிறது, ஏனென்றால் அதைக் கேட்டு அறிய முடியாது, தொட்டுத்தான் அறியவேண்டும். கையைத் தூக்கிவிட்டு அது அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பது, வளைக்கும்போது மெழுகைப் போல எதிர்ப்புத் தெரிகிறதா என்று உணர்வது, நாம் தலையைச் சொறிந்தால் அவரும் சொறிகிறாரா என்று கவனிப்பது ஆகியவற்றை நீங்கள் செய்துகாட்டி, பிறகு பயிற்சி மருத்துவரைச் செய்யவைக்கவேண்டும். கேட்டடோனியாவை அளக்கும் புஷ்-பிரான்சிஸ் அளவுகோலில் 23 கூறுகள் உள்ளன. அவற்றுள் முதல் 14 கூறுகள் சல்லடையாகப் பயன்படுகின்றன. லோராஜிபம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தை 1 அல்லது 2 மி.கி. கொடுத்தபின், மூன்று நாளாகப் பேசாதிருந்தவர் தண்ணீர் கேட்பதை ஒருமுறை கண்ணால் கண்ட பயிற்சி மருத்துவர் அதை வாழ்நாளில் மறக்கமாட்டார். கேட்டடோனியா இருப்பவருக்கு மனநோய் மருந்தை அவசரமாக ஏற்றினால் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் (காய்ச்சலும் உடல் விறைப்புமாக வரும், உயிருக்கு ஆபத்தான மருந்து விளைவு) வரக்கூடும் என்பதும் அப்போதுதான் மனத்தில் பதியும். இளம் வயதில் திடீர் மனப்பிறழ்வோடு வலிப்போ, வாய் முகத்தில் விசித்திர அசைவுகளோ, தாறுமாறான நாடித்துடிப்போ சேர்ந்தால் மூளை அழற்சியைத் தேடவேண்டும். மூளை நரம்பணுக்களின் என்எம்டிஏ ஏற்பிகளுக்கு எதிரான எதிர்ப்பொருளால் வரும் மூளை அழற்சி 2007இல் தெளிவாக அடையாளம் காணப்பட்டபின் அதைத் தவறவிடுவதற்கு நமக்குச் சாக்குக் கிடையாது.

மருந்தை நோயாளியோடு சேர்த்துக் கற்பித்தல்

மருந்துகளைப் பற்றித் தனி வகுப்பு எடுப்பதைவிட, மருந்துச் சீட்டின் ஒவ்வொரு வரிக்கும் பயிற்சி மருத்துவர் மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருக்கும்படி செய்வது மேல்: இது எதற்காக, பலன் தருகிறதா என்பதை எந்த நாளில் எதைக் கொண்டு முடிவு செய்வோம், எது நேர்ந்தால் நிறுத்துவோம். மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத மருந்துகள்தான் ஆண்டுக்கணக்கில் சீட்டில் தங்கிவிடுகின்றன.

இங்கே ஒரு பிழையை மட்டும் கிட்டத்தில் காட்டவேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது என் பயிற்சிக் காலத்தில் நானே செய்தது. ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைத் தொடங்கிய நான்காம் நாள், ஒரு நோயாளி வராந்தாவில் ஓயாமல் நடந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கால்களை மாற்றி மாற்றி அசைத்தார். அரை நிமிடத்தில் எழுந்துவிட்டார். கலவரம் கூடிவிட்டது என்று முடிவு செய்து மருந்தின் அளவைக் கூட்டினேன். மறுநாள் அவர் சுவரில் தலையை இடித்துக்கொண்டார். ஒரு மூத்த செவிலியர்தான் அவரிடம், "அமைதியில்லாமல் இருப்பது மனசா, காலா?" என்று கேட்டார். "கால்தான், உள்ளுக்குள் ஏதோ ஊருகிறது, செத்துவிடலாம் போலிருக்கிறது" என்றார் அவர். அது அகாதீசியா, ஓரிடத்தில் இருக்கவிடாத தவிப்பு; மருந்து உண்டாக்கிய அந்த வேதனையை நான் மேலும் மருந்து கொடுத்து வளர்த்திருந்தேன். அன்றிலிருந்து, மனநோய் மருந்து எடுக்கும் நோயாளியின் கலவரத்துக்கு மருந்தைக் கூட்டும் முன் அந்தச் செவிலியரின் கேள்வியைக் கேட்டாயிற்றா என்பதை எல்லாப் பயிற்சி மருத்துவர்களிடமும் விசாரிக்கிறேன்.

மனநிலை ஏற்ற இறக்க நோய்க்குத் தரும் லித்தியத்தின் இரத்த அளவைக் கடைசி வேளை மருந்துக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்கவேண்டும் என்பதும், சாதாரண மூட்டுவலி மாத்திரைகளும் சில இரத்த அழுத்த மருந்துகளும் வயிற்றுப்போக்கும் அந்த அளவை நச்சு நிலைக்கு ஏற்றிவிடும் என்பதும் எல்லோரும் படித்தவைதான். பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் விஷயத்தில் வெள்ளணுக் குறைவை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். உயிரைக் கொல்லக்கூடிய மலச்சிக்கலை மறந்துவிடுகிறார்கள். ஆகவே குளோசபின் எடுப்பவரிடம் மலம் கழித்தது பற்றித் தினமும் கேட்பது மருத்துவரின் வேலை, வெட்கப்படவேண்டிய வேலை அல்ல. அந்த மருந்து 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் பழைய அளவில் தொடராமல் 12.5 மி.கி.யிலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும். புகைபிடிக்க அனுமதியில்லாத வார்டில் சேர்ந்து புகையை நிறுத்தியவருக்கு அதே அளவு மருந்திலேயே இரத்த அளவு ஏறிவிடும். தசை வழியே ஒலன்சபின் என்ற மனநோய் மருந்து போட்டவருக்கு அதையொட்டி லோராஜிபம் ஊசியும் போடக்கூடாது என்பதை அவசர மருந்து வண்டியின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

தற்கொலை அபாயத்தை மதிப்பிடப் பழக்குதல்

பயிற்சி மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் பகுதி இது. அந்த அச்சத்தால் அவர்கள் படிவங்களில் புகலிடம் தேடுகிறார்கள். "குறைவு, நடுத்தரம், அதிகம்" என்று கட்டமிட்டுக் குறித்துவிட்டால் கடமை முடிந்ததாகத் தோன்றுகிறது. 1983இல் போகோர்னி வெளியிட்ட ஆய்வு, உள்நோயாளிகளாகச் சேர்ந்த 4,800 பேரைப் பின்தொடர்ந்தது. அவர்களில் 67 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். யார் என்பதை அளவுகோல்களால் முன்கூட்டிப் பிரித்தறிய முடியவில்லை: அபாயம் அதிகம் என்று குறிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இறக்கவில்லை, இறந்தவர்களில் பலர் அப்படிக் குறிக்கப்படவில்லை. ஆகவே பயிற்சி மருத்துவரிடம் சோதிடம் கேட்காதீர்கள். இந்த மனிதருக்கு எது நடந்தால் அபாயம் கூடும், எது இருந்தால் குறையும், இன்று இரவு நாம் செய்யக்கூடியது என்ன என்று நான்கைந்து வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள்.

கேட்கும் சொற்களையே ஒத்திகை பார்க்கவேண்டும். நீங்கள் நோயாளியாக அமர்ந்து, பயிற்சி மருத்துவரை உங்களிடம் கேட்கச் சொல்லுங்கள். "அந்த மாதிரி எண்ணமெல்லாம் இல்லையே?" என்று எதிர்மறையில் முடியும் கேள்வி, இல்லை என்ற பதிலைக் கெஞ்சிக் கேட்பதற்குச் சமம். "இவ்வளவு வேதனையில் இருக்கும்போது, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கிறதா?" என்று நேராகக் கேட்டால் நோயாளிக்குத் தன்னை மறைக்கவேண்டிய பாரம் குறைகிறது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை அவர்களுக்கு உறுதியாகச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய நாட்கள், குறிப்பாக முதல் வாரம், அபாயம் மிகுந்த காலம் என்பதால், பாதுகாப்புத் திட்டத்தை நோயாளியோடு சேர்ந்து அவருடைய சொற்களில் எழுதுவதும், வீட்டில் ஆபத்தான பொருட்கள் எட்டாமல் இருக்கக் குடும்பத்தாரோடு பேசுவதும், அடுத்த சந்திப்பின் நாளையும் நேரத்தையும் கையில் கொடுத்தனுப்புவதும் டிஸ்சார்ஜின் பகுதிகளே. சீட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதோடு டிஸ்சார்ஜ் முடிந்துவிடுவதில்லை.

கலவரமும் கட்டுப்படுத்தலும் சட்டமும்

கலவரமான நோயாளியிடம் ஒருவர் மட்டுமே பேசவேண்டும். இரண்டு கை நீளத் தூரம் விடவேண்டும். கைகள் தெரியும்படி இருக்கவேண்டும். வாக்கியங்கள் சிறியவையாகவும், ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்பவையாகவும் இருக்கவேண்டும். இதைச் செவிலியர்களோடும் பாதுகாவலர்களோடும் சேர்ந்து மாதந்தோறும் ஒத்திகை பார்க்கவேண்டும். நெருக்கடி வரும் நாளில் முதன்முறையாகச் செய்து பழகக்கூடாது. பிடித்துக் கட்டுப்படுத்த நேர்ந்தால் குப்புறப் படுக்கவைத்து அழுத்துவது மூச்சை நிறுத்திக் கொல்லக்கூடும் என்பதைப் பயிற்சி மருத்துவர் உரத்துச் சொல்லித் தடுக்கும் துணிவு பெற்றிருக்கவேண்டும், செய்பவர் தம்மைவிட மூத்தவராக இருந்தாலும். ஊசி போட்டபின் நோயாளி தூங்குவதைக் கண்டு நிம்மதி அடையாமல், மூச்சையும் நாடியையும் குறித்த இடைவெளியில் பார்க்கவேண்டும். ஒருநாள் கழிந்து நோயாளி தெளிந்ததும், அவரிடம் திரும்பிப் போய், என்ன நடந்தது, ஏன் செய்தோம், அவருக்கு அது எப்படி இருந்தது என்று பேசவேண்டும். இந்த உரையாடலை நான் ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை. கட்டிவைக்கப்பட்ட ஒருவரிடம் மறுநாள் யாரும் வந்து பேசாவிட்டால், அடுத்தமுறை அவர் மருத்துவமனையின் வாசலுக்கே வரமாட்டார்.

அவரவர் நாட்டின் மனநலச் சட்டத்தைச் சுருக்கக் குறிப்புகளில் படிக்காமல் மூல வடிவிலேயே படிக்கச் சொல்லுங்கள். முடிவெடுக்கும் திறனை மதிப்பிடுவதற்கு, ஆப்பல்பாமும் கிரிஸ்ஸோவும் 1988இல் தொகுத்துச் சொன்ன நான்கு கூறுகள் நல்ல அடித்தளம்: தகவலைப் புரிந்துகொள்வது, அது தனக்குப் பொருந்துவதை உணர்வது, காரணம் கண்டு ஒப்பிடுவது, தன் தேர்வை வெளிப்படுத்துவது. நம்மோடு உடன்படாதவருக்குத் திறன் இல்லை என்று எழுதிவிடுவதும், உடன்பட்டவரைச் சோதிக்காமலே விட்டுவிடுவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

ரவுண்ட்ஸும் செவிலியர்களும்

ஒரு மனிதரைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டு அவருடைய நம்பிக்கைகளைப் பற்றி விசாரிப்பதற்குப் பெயர் கற்பித்தல் அல்ல. விவாதத்தை முன்னதாகத் தனியறையில் முடித்துக்கொண்டு, நோயாளியிடம் மூன்று நான்கு பேராக மட்டும் போய் அமர்ந்து பேசுங்கள். திட்டத்தை எளிய சொற்களில் நோயாளியிடம் சொல்லும் பொறுப்பைப் பயிற்சி மருத்துவருக்குக் கொடுங்கள். தாம் புரிந்துகொள்ளாததை யாராலும் எளிமையாகச் சொல்ல முடியாது. அவருடைய புரிதலில் எங்கே ஓட்டை என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு பயிற்சி மருத்துவரும் முதல் மாதத்தில் ஒரு முழு இரவைச் செவிலியர்களோடு கழிக்கவேண்டும், மருந்து எழுதும் பொறுப்பின்றி. நாம் காலையில் பார்க்கும் இருபது நிமிட மனிதர், மீதி நேரத்தில் எப்படித் தூங்கினார், யாரோடு சாப்பிட்டார், எப்போது அழுதார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

பயிற்சி மருத்துவரின் மனம்

இந்த வேலை செய்பவருக்கு வெறுப்பு வரும், பயம் வரும், ஒரு நோயாளியை மட்டும் தனியாகக் காப்பாற்றவேண்டும் என்ற ஆசை வரும். அவை வருவது குற்றம் அல்ல. வந்ததை அறியாமல் மருந்தளவையும் டிஸ்சார்ஜ் நாளையும் அவற்றின் போக்கில் முடிவு செய்வதுதான் ஆபத்து. உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலின்ட் 1950களில் மருத்துவர்களோடு தொடங்கிய குழு முறையைப் பின்பற்றி, வாரம் ஒரு மணி நேரம், ஒரே நோயாளியைப் பற்றி, அவர் நமக்குள் என்ன எழுப்புகிறார் என்பதை மட்டும் பேசும் ஒரு கூட்டத்தை ஏற்படுத்துங்கள். மதிப்பெண் போடுகிறவர் அந்தக் கூட்டத்தை நடத்தக்கூடாது.

பயிற்சிக் காலத்திலேயே ஒரு நோயாளி தற்கொலையால் இறந்துபோகலாம். அந்தச் செய்தியைப் பயிற்சி மருத்துவர் குறுஞ்செய்தியிலோ வராந்தாப் பேச்சிலோ தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதீர்கள். நீங்களே, அன்றே, நேரில் சொல்லுங்கள். அன்றைய மீதிப் பணியிலிருந்து விலகிக்கொள்ள விரும்புகிறாரா என்று கேளுங்கள். அவர் விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். குடும்பத்தாரைச் சந்திக்க அவரைத் தனியே அனுப்பாதீர்கள். கேஸ் ஷீட்டில் பின்தேதியிட்டு எதையும் சேர்க்கக்கூடாது என்பதை அன்பாகவும் தெளிவாகவும் சொல்லுங்கள், ஏனென்றால் பயம் அந்த யோசனையைக் கொண்டுவரும். சில வாரங்களுக்குப் பிறகு, எல்லோரும் மறந்துவிட்ட நேரத்தில், மீண்டும் அழைத்துப் பேசுங்கள். புதிய நோயாளிகளை வீட்டுக்கு அனுப்ப அவர் தயங்குகிறாரா என்பது அப்போதுதான் வெளிப்படும்.

பொறுப்பை ஒப்படைத்தல்

இத்தனை மாதம் முடிந்தது, ஆகவே இவர் தயார் என்று காலத்தைக் கொண்டு முடிவு செய்யவேண்டாம். மருத்துவக் கல்வியாளர் ஒல்லே டென் கேட் 2005இல் முன்வைத்த எண்ணம் இங்கே உதவுகிறது: ஒவ்வொரு பணியையும் தனியே எடுத்துக்கொண்டு, அதைப் பார்க்க மட்டும் அனுமதிப்பதா, நேரடி மேற்பார்வையில் செய்யவிடுவதா, அழைத்தால் வரும் தூரத்தில் இருப்பதா, தனியே செய்யவிடுவதா, பிறருக்கு மேற்பார்வை செய்யவிடுவதா என்று முடிவு செய்யவேண்டும். அனுமதி நேர்காணலைத் தனியே செய்யத் தகுதி பெற்றவர், டிஸ்சார்ஜ் முடிவில் இன்னும் நேரடி மேற்பார்வையில் இருக்கலாம். அதில் முரண்பாடு இல்லை. அந்த முடிவை அவரிடம் சொல்லி, நீங்கள் கண்ணால் கண்ட எந்த நிகழ்வுகளின் அடிப்படையில் அது எடுக்கப்பட்டது என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

ஐந்தாவது நிலைக்கு வந்தவரை, புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவரின் பக்கத்து நாற்காலியில் உட்காரவையுங்கள். அறையின் இன்னொரு மூலையில் நீங்கள் அமர்ந்து, இளையவர் தடுமாறும்போது அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறாரா, வெளியே வந்ததும் முதலில் கேள்வி கேட்கிறாரா அல்லது குறை சொல்லத் தொடங்குகிறாரா, ஒன்றைச் சொல்கிறாரா பத்தைச் சொல்கிறாரா என்று பாருங்கள். நீங்கள் கண்டதில் ஒன்றை அன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள்.